வீட்டிலேயே தையல் டம்மி செய்வது: டேப் சுற்றுவது முதல் ஸ்டாண்டில் நிறுத்துவது வரை

மார்புச் சுற்றளவு 36 அங்குலம், இடுப்புச் சுற்றளவு 30 அங்குலம் என ஒரே அளவுள்ள இரண்டு பெண்களுக்கு ஒரே வெட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால், ஒருவருக்குக் கச்சிதமாக அமரும் ஜாக்கெட் மற்றவருக்கு முதுகில் மடிப்பு விழுந்தும் முன்கழுத்து விலகியும் நிற்கும் என்பதைத் தையல் தெரிந்தவர்கள் அறிவார்கள். இஞ்ச் டேப் சொல்வது சுற்றளவை மட்டுமே. அந்தச் சுற்றளவில் முன்பக்கத்துக்கு எவ்வளவு, முதுகுக்கு எவ்வளவு, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பவற்றை அது சொல்வதில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைப்பதிலும் ஒரு குறை உண்டு. பழைய ஜாக்கெட்டில் இருந்த தவறும் புதியதில் அப்படியே வந்து சேரும்.

தன் உடலின் வடிவத்தில் ஒரு டம்மி, அதாவது உடையைப் போட்டுப் பார்க்கும் உருவம், வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். கடையில் கிடைக்கும் டம்மிகள் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும்படி, பொது அளவுகளுக்குச் செய்யப்படுபவை. திருகைத் திருப்பி அகலப்படுத்தும் வகையும் தன் துண்டுகளை விலக்கி இடைவெளி விடுகிறதே தவிர, உங்கள் உடலின் வளைவைப் பெறுவதில்லை. வீட்டில் செய்யும் டம்மியின் மதிப்பு அது உங்களைப் போலவே இருப்பதில்தான் உள்ளது. எனவே இந்த வேலை முழுவதிலும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும்: எந்த இடத்திலும் உருவத்தை அழகாக்க முயலக் கூடாது.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது

பழைய டி-ஷர்ட்டின் மேல் டக்ட் டேப்பைச் சுற்றி, வெட்டிக் கழற்றி, உள்ளே பஞ்சை அடைத்து அப்படியே பயன்படுத்துவதுதான் பரவலாக அறியப்பட்ட முறை. குளிர்ந்த நாடுகளில் அது ஓரளவு நிலைக்கலாம். நம் ஊர்க் கோடையில் டேப்பின் பசை இளகி, ஓரங்கள் நழுவி, சில மாதங்களில் உருவம் தளர்ந்துவிடும். குத்தும் குண்டூசியெல்லாம் பசை ஒட்டிக்கொண்டு வெளியே வரும், அந்தப் பசை பட்டுத்துணியில் பட்டால் கறையும் ஆகும். தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்பால் செய்த கூடு உறுதியாக இருக்கும், ஆனால் குண்டூசி எளிதில் இறங்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் மாவுக்கட்டுத் துணியை நான் பரிந்துரைப்பதில்லை. அது இறுகும்போது சூடாகும், கனமும் அதிகம்.

பாரிஸில் 1867இல் தொடங்கிய ஸ்டாக்மன் நிறுவனத்தின் டம்மிகள் காகிதக் கூழால் அச்சு வார்த்து, அதன்மேல் துணி போர்த்திச் செய்யப்படுபவை. உருவத்தைப் பிடிப்பது ஒரு பொருள், ஊசியை வாங்குவது இன்னொரு பொருள் என்ற அந்தப் பிரிவு நமக்கும் உதவும். ஆகவே இங்கே டக்ட் டேப் உடலின் வடிவத்தைப் பிடிக்க மட்டும் பயன்படுகிறது. அந்தக் கூட்டைத் துண்டுகளாக வெட்டி, அவற்றைப் பேட்டர்னாக்கி (துணி வெட்டுவதற்கான காகித மாதிரியாக்கி), காடாத் துணியில் தைத்துப் பஞ்சு அடைப்பதுதான் இந்த வழிகாட்டி சொல்லும் முறை. வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மை. ஆனால் கிடைக்கும் டம்மி வெயிலுக்கு இளகாது, எங்கு குத்தினாலும் ஊசி நிற்கும், பல ஆண்டுகள் உழைக்கும்.

தேவையான பொருள்கள்

2 அங்குல அகலமுள்ள டக்ட் டேப் 25 மீட்டர் உருளைகளாக மூன்று வேண்டும். கழுத்தடியிலிருந்து சீட் (பின்புறம் மிக அகலமாக இருக்கும் இடம்) வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் பாதி ஏறும்படி ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 25 மீட்டர் செலவாகும். இரண்டு முறை சுற்ற வேண்டும், வளைவுகளுக்குத் துண்டுகளும் வேண்டும். அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு நிற பிளாஸ்டிக் டேப் வளைவில் படியாது, எனவே அதை வாங்க வேண்டாம். உடலோடு ஒட்டிய, சீட்டுக்குக் கீழ்வரை வரும் பழைய டி-ஷர்ட் ஒன்று, கழுத்தைச் சுற்றிவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல், அழியாத மை மார்க்கர், மெல்லிய எலாஸ்டிக், நூலில் கட்டிய தூக்குக்குண்டு ஆகியவை முதல் கட்டத்துக்குப் போதும்.

இரண்டாம் கட்டத்துக்குக் கெட்டியான காடாத் துணி 2 மீட்டர், இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் ஃபியூசிங் துணி அதே அளவு, பேட்டர்ன் வரையப் பழுப்புக் காகிதம், ரெக்ரான் என்று கடைகளில் கேட்கும் பாலியெஸ்டர் பஞ்சு உடலளவைப் பொறுத்து 2 முதல் 4 கிலோ, 1 அங்குல பிவிசி குழாய், 6 மில்லிமீட்டர் பிளைவுட் அல்லது தடித்த அட்டை ஆகியவை வேண்டும். காடாத் துணி முதல் நனைப்பில் சுருங்கும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இலவம்பஞ்சு மென்மையானது, ஆனால் விரைவில் அமுங்கிவிடும். தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளைப் பயன்படுத்த விரும்புபவர்கள் அவற்றை விரலகலத்துக்கும் சிறியதாக நறுக்க வேண்டும், இல்லையென்றால் மேற்பரப்பில் கட்டி கட்டியாகத் தெரியும்.

சுற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

மார்பு, மார்புக்குக் கீழ், இடுப்பு, சீட் ஆகிய நான்கு சுற்றளவுகளையும் எல்லோரும் எடுப்பார்கள். இவற்றோடு பலர் விட்டுவிடும் இரண்டு அளவுகளையும் எடுக்க வேண்டும்: உடலின் அகலம், முன்னிருந்து பின் வரையிலான ஆழம். சுவரில் முதுகு பட நிற்காமல், சுவருக்குப் பக்கவாட்டில் இயல்பாக நின்று, வயிற்றுக்கு முன்னே ஒரு நேரான பலகையையும் முதுகுக்குப் பின்னே இன்னொன்றையும் செங்குத்தாகத் தொட்டபடி பிடிக்கச் சொல்லி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தால் ஆழம் கிடைக்கும். அகலத்துக்கு அதே பலகைகளை இரு விலாப்புறத்திலும் வைக்க வேண்டும். மார்பு, இடுப்பு, சீட் மூன்று இடங்களிலும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சு அடைக்கும்போது இந்த எண்களின் அருமை தெரியும்.

கழுத்தின் பின்புறம் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து தரை வரையிலும், இடுப்புக் கோட்டிலிருந்து தரை வரையிலும் உயரத்தை எடுத்துவைக்க வேண்டும்.

டேப் சுற்றுதல்

இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உடன் நிற்கக்கூடிய அக்காவோ தங்கையோ தோழியோ ஒருவர் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வெறும் வயிற்றிலும் தொடங்க வேண்டாம். மின்விசிறிக்கு அடியில் நின்று, தண்ணீரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்பவருக்கு மயக்கம் வரக்கூடும் என்பதால் அவ்வப்போது கால் மாற்றி நிற்கலாம். கர்ப்பிணிகளும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களும் இந்த முறையைத் தவிர்ப்பதே நல்லது. தலைசுற்றுவதாகச் சொன்னால், எந்த நிலையில் இருந்தாலும் உடனே வெட்டிக் கழற்றிவிட வேண்டும். டேப் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

ஜாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும் உள்ளே வழக்கமாக அணியும் பிராவையே அணிந்துகொள்ள வேண்டும். பிரா மாறினால் மார்பின் உயரமும் வடிவமும் மாறும், அதற்கேற்ப டாட்டின் (வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் இடத்தின்) முனையும் மாறும். அதன்மேல் டி-ஷர்ட்டைப் போட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். நிற்கும் நிலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வயிற்றை உள்ளிழுத்து, மார்பை நிமிர்த்தி நின்றால், நீங்கள் அப்படி நிற்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் பொருந்தும் உடைதான் கிடைக்கும். பார்வையை நேரே ஓர் இடத்தில் நிறுத்தி, வழக்கமான நிலையில், மூச்சை இயல்பாக விட்டு நிற்க வேண்டும்.

முதல் பட்டையை மார்புக்குக் கீழே கிடையாகச் சுற்றவும். அடுத்து வலத்தோளிலிருந்து மார்புகளின் நடுவே இறங்கி இட விலாவுக்கு ஒன்றும், இடத்தோளிலிருந்து வல விலாவுக்கு ஒன்றும் குறுக்காக ஒட்ட வேண்டும். இவை இரண்டும் மார்பின் நடுப்பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இடுப்பிலிருந்து சீட் வரை, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றிக்கொண்டு வரலாம். டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது. உருளையிலிருந்து தேவையான நீளத்தைப் பிரித்துக்கொண்டு, உடலின் மேல் வைத்துத் தடவி ஒட்ட வேண்டும். இழுத்துச் சுற்றினால் சதை அமுங்கி, டம்மி உங்களைவிடச் சிறியதாகிவிடும்.

மார்பின் வளைவு, தோளின் மேற்புறம், அக்குள், கழுத்தடி ஆகிய இடங்களில் நீளப் பட்டை படியாது. அங்கே 3 அங்குலத் துண்டுகளை, தேவைப்பட்டால் அகலத்தில் பாதியாகவும் கிழித்து, மார்பு முனையை மையமாக வைத்து ஆரங்களாக ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் செலவிடும் அரை மணி நேரத்தில்தான் டம்மியின் தரம் தீர்மானமாகிறது; நீளமான முதுகுப்பகுதி தானே அமைந்துவிடும். முதல் சுற்று முடிந்ததும் இரண்டாம் சுற்றை முதலாவதற்குக் குறுக்கான திசையில் ஒட்டவும். முதல் சுற்று கிடையாக இருந்த இடத்தில் இரண்டாவது செங்குத்தாகவோ சாய்வாகவோ இருந்தால், கழற்றிய பிறகு கூடு மடங்காது.

உடலில் இருக்கும்போதே வரைய வேண்டிய கோடுகள்

கூட்டைக் கழற்றிய பிறகு இந்தக் கோடுகளைச் சரியாக வரைய வழியில்லை. இடுப்பில் எலாஸ்டிக்கைக் கட்டி, இருமுறை இடதும் வலதும் சாய்ந்து நிமிர்ந்தால் அது இயற்கையான இடுப்பில் போய் அமரும். அதை ஒட்டிக் கோடு வரையலாம். முன் கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு முன் நடுக்கோட்டையும், கழுத்தெலும்பிலிருந்து தொங்கவிட்டுப் பின் நடுக்கோட்டையும், அக்குளின் நடுவிலிருந்து பக்கக் கோடுகளையும் குறிக்க வேண்டும். தூக்குக்குண்டு நடுவிலிருந்து ஒருபக்கமாக விலகுவதுபோல் தோன்றினால் திருத்த வேண்டாம், உடல் அப்படித்தான் இருக்கிறது. மார்புக் கோடும் சீட் கோடும் தரைக்கு இணையாக இருக்க, தரையில் ஊன்றிய ஒரு கோலில் உயரத்தைக் குறித்து, அந்தக் கோலை உடலைச் சுற்றி நகர்த்திப் புள்ளிகள் வைத்துப் பின்னர் இணைக்கலாம். தோள் கோடு, கை இணையும் வட்டம், மெல்லிய சங்கிலி இயல்பாக அமரும் கழுத்தடி வட்டம், இரு மார்பு முனைகள் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

கடைசியாக, தோளின் நடுவிலிருந்து மார்பு முனை வழியாக இடுப்புக்கும் சீட்டுக்கும் இறங்கும் பிரின்சஸ் கோட்டை இரு பக்கமும் வரையவும். முதுகில் அதுவே தோளின் நடுவிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல் ஓடி இறங்கும். எல்லாக் கோடுகளிலும் 2 அங்குலத்துக்கு ஒருமுறை குறுக்குக் குறி போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ‘வல முன்’, ‘இட பக்க முன்’ என்று பெயரையும், எது மேற்பக்கம் என்பதைக் காட்ட ஓர் அம்புக்குறியையும் எழுதிவிட வேண்டும்.

கழற்றுதலும் பேட்டர்ன் எடுத்தலும்

பின் நடுக்கோட்டில் கீழிருந்து மேலாக, டி-ஷர்ட்டையும் சேர்த்து, மழுங்கிய முனை உடலின் பக்கம் இருக்கும்படி மெதுவாக வெட்ட வேண்டும். பிராவின் பட்டை வரும் இடத்தில் உள்ளே விரலை நுழைத்துப் பிரித்துக்கொண்டு வெட்டுவது பாதுகாப்பானது. கழற்றிய கூட்டை மற்றக் கோடுகளிலும் வெட்டினால் நான்கு வலத் துண்டுகள், நான்கு இடத் துண்டுகள் என எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மறுபக்கத்துக்கும் அதையே மடித்து வெட்டும் பழக்கம் இங்கே உதவாது. வலது கையால் பாத்திரம் தூக்கி, ஒரே தோளில் பை மாட்டிப் பழகிய உடலில் இரு பக்கமும் அரிதாகவே ஒன்றுபோல இருக்கும்.

துண்டைக் காகிதத்தின் மேல் வைத்து அழுத்தினால் மார்பு முனையிலும் இடுப்பு வளைவிலும் அது தட்டையாகப் படியாமல் எழும். ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிறு வெட்டுகள் கொடுத்துப் படியவிட்டு, வெளிவிளிம்பை வரைந்து, குறுக்குக் குறிகளையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு கணக்கு. டி-ஷர்ட்டும் டேப்பும் சேர்ந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் வரும். ஒரு வட்டத்தின் ஆரம் 2 மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு அதன் 6 மடங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 12½ மில்லிமீட்டர் கூடும். ஆகவே கூட்டின் மார்பு, இடுப்பு, சீட் எல்லாமே உங்கள் அளவைவிட அரை அங்குலம் பெரிதாக இருக்கும். எட்டுக் காகிதத் துண்டுகளின் அகலத்தையும் இடுப்புக் கோட்டில் கூட்டிப் பார்த்து, உண்மையான அளவோடு ஒப்பிட்டு, மிகுதியை 16 ஓரங்களுக்கும் பங்கிட்டுக் குறைக்க வேண்டும். அரை அங்குலம் என்றால் ஓர் ஓரத்துக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் வரும், பென்சில் கோட்டின் உட்பக்கமாக வெட்டினாலே போதும். பஞ்சை இறுக்கி அடைக்கும்போது துணி சற்று நீளும் என்பதால் இன்னும் கால் அங்குலம் சேர்த்துக் குறைப்பது நல்லது. உயர அளவுகளில் எதையும் குறைக்கக் கூடாது.

தைத்தல்

துணியின் நீளவாட்டு இழை ஒவ்வொரு துண்டிலும் இடுப்புக் கோட்டுக்குச் செங்குத்தாக வரும்படி வைத்து, தையலுக்கென அரை அங்குல ஓரம் (தையலிடம்) விட்டு வெட்ட வேண்டும். வெட்டும் முன்பே காடாவின் உட்பக்கத்தில் ஃபியூசிங்கை ஒட்டிவிட்டால் துணி குறுக்கில் நீளாது. முன் நடுத் துண்டுகளைப் பக்க முன் துண்டுகளோடும், முதுகுத் துண்டுகளைப் பக்க முதுகுத் துண்டுகளோடும் குறுக்குக் குறிகள் ஒன்றையொன்று சந்திக்கும்படி இணைத்து, அடுத்து முன், பின் நடுத்தையல்கள், தோள், பக்கம் என்ற வரிசையில் தைக்கலாம். 2 மில்லிமீட்டர் தையல் நீளத்தில், ஒவ்வொரு தையலையும் இருமுறை ஓட்ட வேண்டும். மார்பு வளைவில் தையலிடத்தை அரை அங்குலத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டு இஸ்திரி போட்டால்தான் வெளியே சுருக்கம் தெரியாது. கழுத்துக்கும் இரு கைத்துளைகளுக்கும் உள்ளே அட்டை வைத்த வட்ட மூடிகளைத் தைத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விடவும்.

பஞ்சு அடைத்தல்

வீட்டில் செய்த டம்மிகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். எந்தத் துணிப்பையையும் இறுக்கி அடைத்தால் அது உருண்டையாகவே முயலும். மனித இடுப்போ நீள்வட்டம். 30 அங்குல இடுப்புள்ள ஒருவருக்கு அகலம் 11 அங்குலமும் ஆழம் 8 அங்குலமும் இருக்கலாம். அதே 30 அங்குலம் வட்டமாகிவிட்டால் அகலமும் ஆழமும் 9½ அங்குலமாகிவிடும். இஞ்ச் டேப் இரண்டையும் 30 என்றே காட்டும். ஆனால் அந்த டம்மியில் வயிறு முன்னே தள்ளி நிற்கும், பக்கத் தையல் இடம் மாறிவிடும், அதை நம்பித் தைத்த உடை உடலில் பொருந்தாது.

இதைத் தடுக்க இடுப்பு உயரத்தில் ஒரு பிளைவுட் தட்டும், அடியில் ஒரு தட்டும் உள்ளே இருக்க வேண்டும். இடுப்புத் தட்டைச் சுற்றிலும் முக்கால் அங்குலம் குறைவாக, மேற்சொன்ன உடலுக்கு 9½ அங்குல அகலமும் 6½ அங்குல ஆழமுமாக வெட்டினால், விளிம்பு துணியில் தெரியாமல் நடுவே பஞ்சுக்கு இடம் இருக்கும். இந்த நீள்வட்டத்தை வரைய, பலகையில் 7 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்து, மொத்தம் 16½ அங்குலம் வரும் நூல் வளையத்தை அவற்றில் மாட்டி, பென்சிலால் நூலை இறுக்கமாக இழுத்தபடி சுற்றி வர வேண்டும். துணி நீளாத நிலையில், தட்டு அகலத்தைக் குறையவிடாமல் பிடித்துக்கொண்டால் ஆழமும் தானே கட்டுக்குள் நிற்கும். அடித்தட்டைச் சீட் அளவுக்கு, குறைக்காமல் வெட்டலாம்.

டம்மியைத் தலைகீழாக நிறுத்தி, கழுத்து மூடியில் முட்டும்படி பிவிசி குழாயை நடுவில் வைத்துக்கொண்டு, கைப்பிடியளவு பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து மழுங்கிய குச்சியால் தோள்களிலும் கழுத்திலும் முதலில் அடைக்க வேண்டும். மார்பில் மற்ற இடங்களைவிடச் சற்று மென்மையாக அடையுங்கள். உண்மையான மார்பு ஜாக்கெட்டுக்குள் அமுங்கும், கல்லைப் போன்ற டம்மி அமுங்காது. இடுப்புவரை வந்ததும் தட்டைக் குழாயில் நுழைத்து, அது நழுவாமல் மேலும் கீழும் டேப்பைச் சுற்றி நிறுத்திவிட்டு, தொடர்ந்து அடைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இஞ்ச் டேப்பால் சுற்றளவையும், முன்பு எடுத்த அகல ஆழ அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். இறுதியில் அடித்தட்டைப் பொருத்தி, துணியின் ஓரத்தை அதன்மேல் மடித்துத் தைத்தோ சிறு ஆணிகளால் அடித்தோ மூடலாம்.

நிறுத்துதலும் சரிபார்த்தலும்

பழுதான பெடஸ்டல் ஃபேனின் அடிப்பகுதி இதற்கு மிகவும் பொருத்தமானது. அதன் கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும், அடித்தளம் கனமாக இருப்பதால் டம்மி சாயாது. குழாயைக் கம்பியில் செருகி, ஆட்டம் இருந்தால் துணியைச் சுற்றி இறுக்கி, ஒரு கிளாம்ப் போட்டுவிடலாம். இடுப்புக் கோடு தரையிலிருந்து உங்கள் இடுப்பின் உயரத்திலேயே நிற்கும்படி வைத்தால், பாவாடை, கவுன் ஆகியவற்றின் கீழ் மடிப்பைச் சமமாகக் குறிக்கலாம்.

பிரின்சஸ், நடு, பக்கக் கோடுகள் தையல்களாகவே இருப்பதால் மார்பு, இடுப்பு, சீட் கோடுகளுக்கு மட்டும் கால் அங்குல ரிப்பனைத் தைத்தால் போதும். பிறகு, உங்களுக்கு நன்றாகப் பொருந்துவதாக நீங்கள் அறிந்த ஒரு ஜாக்கெட்டை டம்மிக்குப் போட்டுப் பாருங்கள். கொக்கிகள் அதே இறுக்கத்தில் மாட்ட வேண்டும், உங்கள் உடலில் எங்கே மடிப்பு விழுமோ அங்கேயே விழ வேண்டும். எங்காவது தொளதொளவென்று இருந்தால் அந்த இடத்தில் மெல்லிய பஞ்சுத் தாளை வைத்துத் தைத்து, மேலே துணி போர்த்தித் திருத்தலாம். பெரிதாக இருந்தால்தான் தையலைப் பிரிக்க வேண்டிவரும். அளவைச் சற்றுக் குறைத்தே செய்யச் சொன்னதற்கு இதுவே காரணம்.

முதுகுக் கழுத்து எவ்வளவு ஆழம் இறங்கினால் தோள் நழுவும், டாட் முனை மார்பு முனைக்கு எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்பவற்றை டம்மியில் பார்த்துப் பார்த்து முடிவு செய்யலாம். ஆரி வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் பெரிய உதவி. துணியை வெட்டும் முன்பே, காகிதத்தில் வரைந்த டிசைனை டம்மியின் முதுகில் குத்தி, அது எங்கே விழுகிறது என்று தள்ளி நின்று பார்த்துவிடலாம். கையின் பொருத்தத்தை மட்டும் அணிந்துதான் பார்க்க வேண்டும். கையைத் தூக்கும்போது ஜாக்கெட் எப்படி இழுக்கிறது என்பதை அசையாத உருவம் காட்டாது.

மழைக்காலத்தில் டம்மியைச் சுவரை ஒட்டி வைக்காமல், பருத்தித் துணி உறையால் மூடி, வெயில் வரும் நாளில் சில மணி நேரம் காயவிட்டால் பூஞ்சை பிடிக்காது. உடல் பருத்தால் பஞ்சுத் தாள்களை ஒட்டி உறை போட்டுச் சமாளிக்கலாம். இளைத்தாலோ, குழந்தைப் பேற்றுக்குப் பின் தோள், மார்பு, வயிறு மூன்றும் ஒருசேர மாறியிருந்தாலோ, பழைய பேட்டர்னைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட மீண்டும் டேப் சுற்றிப் புதிய பேட்டர்ன் எடுப்பதே குறைந்த வேலை. குழாய், பஞ்சு, ஸ்டாண்டு ஆகியவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். தட்டுகளை மட்டும் புதிய அளவோடு ஒத்துப் பார்த்து, தேவைப்பட்டால் வேறு வெட்டிக்கொள்ள வேண்டும்.